செல்போன் கம்பெனிகளின் வேகமும் இணையச் சமத்துவமும்

இன்றைய தினம் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் முதலில் கண்ணில் படுவது செல்போன் கம்பெனிகளின் விளம்பரப் பலகையேயாகும். ஒரு கம்பெனி, நாட்டிலேயே வேகமான நெட்வொர்க் தன்னுடையதுதான் என்கின்றது. எதிர்ச் சுவரிலேயே மற்றொரு கம்பெனி, இல்லை, தானே முதலாவது என்கின்றது. மூன்றாவது ஒன்று, வேகத்தைப் பற்றிப் பேச வழியில்லாததாலோ என்னவோ, தன்னுடைய சிக்னல் எட்டாத இடமே இல்லை என்று சொல்லிக்கொள்ளுகின்றது. ஒரு பந்தயத்தில் இரண்டு குதிரைகளும் முதலாவதாக வந்துவிட்டன என்று யாராவது சொன்னால் அதை நாம் நம்புவோமா? ஒன்று, பந்தயம் இரண்டாக இருக்க வேண்டும். அல்லது அளந்த கோல் வேறு வேறாக இருக்க வேண்டும். அல்லது சொல்லுகின்றவர்களில் ஒருவராவது பொய் சொல்ல வேண்டும். அரைப்படி அரிசி வாங்கினாலும் படியைக் குலுக்கிப் பார்த்து வாங்குகின்ற நமது ஜனங்கள், மாதா மாதம் முன்னூறும் நானூறும் கொடுத்து வாங்குகின்ற இந்தச் சரக்கை மட்டும் நடிகர் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னதற்காக வாங்கி வருகின்றார்கள்.

இந்த வேகக் கணக்கின் யோக்கியதை என்ன என்பதற்கு நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். 2017ஆம் வருஷத்தில் ஏர்டெல் கம்பெனியார், தாங்களே இந்தியாவின் அதிவேக நெட்வொர்க் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டிருப்பதாகப் பெரிய அளவில் விளம்பரம் செய்தார்கள். அறிவித்தது யார் என்று பார்த்தால், ஊக்லா என்னும் அந்நிய நாட்டு வேகச் சோதனைக் கம்பெனியே ஒழிய, சர்க்காரோ சர்க்கார் சம்பந்தப்பட்ட ஸ்தாபனமோ அல்ல. ஜியோ கம்பெனியார் இதற்கு ஆக்ஷேபணை கிளப்பினார்கள். அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் இருக்கின்றது. இரண்டாவது சிம்மில் ஓடுகின்ற வேகத்தை அளந்துவிட்டு முதல் சிம்முக்கு உடைய கம்பெனியின் பெயரில் பற்று எழுதிவிட்டால் கணக்கு என்னாவது என்று கேட்டார்கள். அதாவது, ஓடியது ஒருவர் மாடு, பரிசு இன்னொருவருக்கு என்பதாகும். ஊக்லாவினர் தங்கள் முறை சரியென்றே சாதித்தார்கள். ஆனால் விளம்பரங்களைக் கவனிக்கும் கவுன்சில், அந்த விளம்பரத்தைத் திருத்தவோ விலக்கவோ வேண்டும் என்று சொல்லிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் டிராய் என்கின்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்டு வந்த வேகக் கணக்கில் ஜியோவே முதலாவதாக நின்றது. இரண்டு கோல், இரண்டு முதலாவது. பணம் கொடுத்தவனுக்கு இரண்டினாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏன் பிரயோஜனம் இல்லை என்றால், இந்த வேகம் என்பது ஒரு கம்பெனிக்குச் சொந்தமான ஒரே எண் அல்ல. ஒரு டவரில் இருந்து வருகின்ற அலைவரிசை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இறைக்கின்றார்களோ அத்தனை பேருக்கும் அது பங்காகின்றது. விடியற்காலையில் ஒருவனுக்குக் கிடைப்பது, கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் மாலையில் கிடைக்காது. டவர் உயரமாக இருந்தும், அதற்குக் கண்ணாடி இழைக் கம்பி வராமல் வேறு டவர் வழியாகவே செய்தி போய்வர வேண்டியிருந்தால், போனில் சிக்னல் கோடு முழுவதும் இருக்கும், படம் மட்டும் நகராது. நாடு முழுவதற்குமாகச் சராசரி எடுத்தால், சென்னையில் டவர் அடியில் உட்கார்ந்திருப்பவனின் வேகமும், மலையடிவாரத்தில் மாட்டுக் கொட்டகை மேல் ஏறி நின்றுகொண்டு பேசுகின்றவனின் வேகமும் ஒன்றாகக் கலந்துவிடும். பணக்காரன் வருமானத்தையும் கூலிக்காரன் வருமானத்தையும் கூட்டி இரண்டாக வகுத்து, இருவரும் சுகமாக இருக்கின்றார்கள் என்று சொல்லுவதைப் போன்ற கணக்கு இது.

நமது ஆபீசிலேயே மூன்று தோழர்கள் மூன்று கம்பெனி சிம்கள் வைத்திருக்கின்றார்கள். ஒரு நாள் மூன்று போன்களையும் ஒரே மேஜையில் வைத்து அளந்து பார்த்தோம். வாசல் பக்கம் ஜெயித்த கம்பெனி அச்சுக்கூடத்துக்குள் தோற்றது. காலையில் தோற்றது இரவு பத்து மணிக்கு மேல் ஜெயித்தது. பிறகு ஒரு கூட்டத்துக்காகக் கிராமம் ஒன்றுக்குப் போனபோது, மூன்றில் இரண்டு போன்களில் ஊர் எல்லையைத் தாண்டியதுமே உயிர் போய்விட்டது. அந்த ஊரில் ஒரு கம்பெனிதான் "வேகமானது". ஏனென்றால் மற்றவை அங்கு இல்லவே இல்லை. அவ்வூர்க்காரருக்கு நாட்டுச் சராசரியைச் சொல்லி என்ன செய்வது?

அளவுச் சொற்களிலேயே ஒரு சூட்சுமம் இருக்கின்றது. வேகத்தைச் சொல்லும்போது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்பார்கள். டேட்டாவை விற்கும்போது ஜிகாபைட் என்பார்கள். 8 பிட் கொண்டது ஒரு பைட். பெரிய எண்ணாகத் தோன்ற வேண்டிய இடத்தில் பிட்டும், விற்கின்ற இடத்தில் பைட்டும் வந்துவிடுகின்றன. இது உலக வழக்கமானதால் பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதைத் தெரிந்துகொள்ளாதவன் எட்டு மடங்கு ஏமாறுவான். "அன்லிமிடெட்" என்கின்ற வார்த்தையோ இதற்கும் மேலானது. நாள் ஒன்றுக்கு உள்ள ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி தீர்ந்தவுடன் வேகத்தை 64 கிலோபிட்டுக்கு இறக்கிவிட்டு, அதையும் எல்லையில்லாதது என்கின்றார்கள். 2023ஆம் வருஷத்தில் சர்க்கார் திருத்திய விதிப்படி, பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளவே நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் வேண்டும். 64 கிலோபிட் என்பது அதில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சோறு தீர்ந்த பிறகு கஞ்சித் தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் குடி என்று சொல்லுவதற்கு அளவற்ற சாப்பாடு என்று பெயர் வைத்தால் எந்த ஓட்டல்காரனையாவது நாம் சும்மா விடுவோமா?

இவற்றையெல்லாம் கேட்க யாரும் இல்லையா என்றால், 1997ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட டிராய் இருக்கின்றது. அது ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகின்ற ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரூபாய் வீதம், நாளைக்கு மூன்று ரூபாய் வரையில், சந்தாதாரருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று 2015ஆம் வருஷத்தில் ஒரு விதி செய்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 2016 மே மாதத்தில் அந்த விதி நியாயமற்றது என்று கோர்ட்டார் தள்ளிவிட்டார்கள். நாளைக்கு மூன்று ரூபாய்க்காகச் சுப்ரீம் கோர்ட் வரையில் போவதற்கு அவர்களால் முடிகின்றது. மூன்று ரூபாய்க்காக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக நம்மால் முடியுமா? பிறகு 2024 அக்டோபர் முதல் அமுலுக்கு வந்த புது விதிகளில், எங்கெங்கே 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கின்றது என்பதை வரைபடமாகக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்று இருக்கின்றது. இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வாசகர்கள் தங்கள் ஊரை அதில் தேடிப்பார்க்க வேண்டும். படத்தில் வர்ணம் பூசியிருந்து, ஊரில் சிக்னல் இல்லாமலிருந்தால், அதை எழுத்தில் கம்பெனிக்கும், நகலை டிராய்க்கும் அனுப்ப வேண்டும்.

நிற்க, வேகம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்த வேகம் எதற்கு என்பது அதைவிடப் பெரிய கேள்வி. நெட் நியூட்ராலிட்டி என்று இங்கிலீஷில் சொல்லப்படுகின்ற இணையச் சமத்துவம் என்பது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதாகும். பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை. விஷயம் மிகவும் சாதாரணமானது. நாம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் நாம் எதைப் பார்த்தாலும், எதைப் படித்தாலும், யாரோடு பேசினாலும், கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் ஒரே மாதிரியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தனக்கு வேண்டிய கடையை வேகமாகவும், வேண்டாத கடையை மெதுவாகவும் காட்டக்கூடாது. ஒன்றுக்கு இலவசமும் மற்றொன்றுக்கு அதிகக் கட்டணமும் வைக்கக்கூடாது என்பதே.

இதற்கு எதிராகச் சிலர் மிக்க புத்திசாலித்தனமாக ஒரு கேள்வி கேட்கின்றார்கள். ரயிலில் முதல் வகுப்பு இல்லையா? அதிகப் பணம் கொடுத்தவன் ஏ.சி. பெட்டியில் போவதில்லையா? அப்படியிருக்க இன்டர்நெட்டில் மட்டும் ஏன் சமத்துவம் என்கின்றார்கள். ரயில்வேக்காரன் வண்டியின் வகுப்புக்கும் தூரத்துக்கும் கட்டணம் வாங்குகின்றான் என்பது வாஸ்தவம். ஆனால் மாமியார் வீட்டுக்குப் போகின்றவனுக்கு ஒரு கட்டணம், கோர்ட்டுக்குப் போகின்றவனுக்கு இரட்டைக் கட்டணம், ரயில்வேக்காரனின் மைத்துனன் நடத்துகின்ற ஓட்டலில் சாப்பிடப் போகின்றவனுக்கு இலவசம் என்று வைத்தால் அதற்குப் பெயர் வகுப்பா? ஜிபி கணக்கிலும் வேகக் கணக்கிலும் வேறு வேறு விலை வைப்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. எங்கே போகின்றாய், யாரைப் பார்க்கப் போகின்றாய் என்று கேட்டு விலை வைப்பதைத்தான் ஆக்ஷேபிக்கின்றோம்.

இப்படி யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பரில் ஏர்டெல் கம்பெனியார், இன்டர்நெட் வழியாகப் பேசுகின்ற ஸ்கைப், வைபர் முதலிய பேச்சுகளைச் சாதாரண டேட்டாவில் சேர்க்காமல் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். காரணம் வெளிப்படை. அந்த வழியில் ஜனங்கள் பேசினால் அவர்களுடைய சொந்தக் கால் வியாபாரம் படுத்துவிடும். கூச்சல் பலமாக எழுந்ததன் பேரில் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த 2015 ஏப்ரலில் "ஏர்டெல் ஜீரோ" என்று வேறொரு திட்டம் கொண்டுவந்தார்கள். இதில் சந்தாதாரன் காசு கொடுக்க வேண்டாம், கடைக்காரன் கொடுத்துவிடுவான், கொடுத்த கடை மட்டும் இலவசமாகத் திறக்கும். பிளிப்கார்ட் கம்பெனி இதில் சேரப் பேச்சு நடத்திவிட்டு, ஜனங்களின் எதிர்ப்பைப் பார்த்து விலகிக்கொண்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பிளிப்கார்ட்டினால் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க முடியும். திருப்பூரில் நான்கு பேர் சேர்ந்து பனியன் விற்க ஒரு இணையக்கடை வைத்தால் அவர்களால் கொடுக்க முடியாது. காசு கொடுத்தவன் கடைக்குப் பாதை போட்டு, கொடுக்காதவன் கடை வாசலில் பள்ளம் வெட்டுவது போன்றது இது.

இதற்கும் மேலானது பேஸ்புக் கம்பெனியின் தர்மம். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து "இன்டர்நெட்.ஆர்க்" என்று ஆரம்பித்து, பிறகு "ப்ரீ பேசிக்ஸ்" என்று பெயர் மாற்றினார்கள். ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்பது பிரசாரம். உள்ளே பார்த்தால், பேஸ்புக்கும் அது போட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட சில தளங்களும் மாத்திரம் இலவசம். மற்ற எங்கே போக வேண்டுமானாலும் காசு. இதை ஆட்சேபித்தவர்களை ஏழைகளின் விரோதிகள் என்றார்கள். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. முதலாளியான மார்க் சக்கர்பர்க் அவர்களே இந்தியப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பேஸ்புக்கைத் திறந்தவர்களையெல்லாம், ஒரு பொத்தானை அழுத்தி டிராய்க்கு ஆதரவுக் கடிதம் அனுப்பும்படி தூண்டினார்கள். கேட்ட கேள்வி ஒன்று, அனுப்பிய பதில் வேறொன்று என்று டிராயே கண்டிக்கும்படி ஆயிற்று.

ஏழைகள் பேரால் சொல்லப்பட்ட இந்த வாதத்தை நாம் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பட்டினி கிடக்கின்றவனிடம் போய், அரை வயிற்றுச் சோறு வேண்டாம், முழுச் சாப்பாடு வரும்வரை காத்திரு என்று வயிறு நிறைந்தவன் உபதேசம் செய்தால் அவனுக்குக் கோபம் வருவது நியாயமேயாகும். அன்றைக்குச் சமத்துவம் பேசியவர்களில் பெரும்பாலோர் பட்டணத்துப் படிப்பாளிகள் என்பதும் உண்மை. ஆனால், கொடுப்பதுதான் நோக்கமென்றால் மாதம் இத்தனை எம்பி எல்லாவற்றுக்குமாக இலவசம் என்று கொடுத்திருக்கலாமே? இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்ற சீட்டோடு கொடுக்கப்படுகின்ற தர்மம், கொடுக்கின்றவனுக்கா, வாங்குகின்றவனுக்கா? ஏழை என்றால் அவன் எதைப் படிக்கலாம் என்பதைக்கூட இன்னொருவன் தீர்மானிக்க வேண்டுமா?

2015 மார்ச்சில் டிராய் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டபோது, பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் சமத்துவத்தை ஆதரித்துக் குவிந்தன. (அவற்றை எழுதியவர்களின் விலாசத்தோடே டிராய் வெளியில் போட்டு, அவர்களை விளம்பர வியாபாரிகள் கையில் சிக்க விட்டது வேறு சங்கதி.) கடைசியாக 2016 பிப்ரவரி 8ந் தேதி, எதைப் பார்க்கின்றான் என்பதைக் கொண்டு டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது என்று டிராய் விதி செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய், மொத்தம் 50 லக்ஷம் வரையில் அபராதம். இந்தக் கம்பெனிகளுக்கு இது வெற்றிலை பாக்குச் செலவுக்குக் காணாது என்றாலும், விதி விதிதான். அந்த வாரத்திலேயே பேஸ்புக் தனது தர்மத்தைச் சுருட்டிக்கொண்டது. 2018ஆம் வருஷத்தில், தடுப்பதும், மெதுவாக்குவதும், ஒன்றை மட்டும் வேகமாக்குவதும் கூடாது என்பது கம்பெனிகளின் லைசென்சிலேயே சேர்க்கப்பட்டது.

ஏழைகள் என்ன ஆனார்கள்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டியினால் ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்றது, இரண்டு வருஷத்தில் இருபது ரூபாய்க்குக் கீழ் வந்தது. அரை இன்டர்நெட்டுக்குப் பதில் முழு இன்டர்நெட்டே கிராமத்துக்கு வந்துவிட்டது. இதைச் சமத்துவ விதியின் பலன் என்று சொன்னால் அது நாமும் விளம்பரக்காரர் மாதிரிப் பேசுவதாகும். இது போட்டியின் பலன். ஆனால் ஒன்று சொல்லலாம். விதி இருந்ததனால், வந்த இன்டர்நெட் துண்டு துண்டாக வராமல் முழுசாக வந்தது.

அந்தப் போட்டிதான் இப்போது எங்கே என்று கேட்கின்றோம். தமிழ்நாட்டில் 1999 முதல் நடந்துவந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திடீரென்று செத்துப்போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாங்கிக் கணக்குக்கும், காஸ் சிலிண்டருக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள், எண்ணை மாற்றிக்கொள்ள வழி தெரியாமல் கடை கடையாய் வரிசையில் நின்றார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் போயிற்று. டாடா டொகோமோ ஏர்டெல்லில் கரைந்தது. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகி, அந்த ஒன்றும் கடனில் தத்தளிக்கின்றது. பி.எஸ்.என்.எல். பொது ஜனங்களுடையது என்று பெயர். 4ஜியைப் போட அது பட்ட பாடு ஊரறிந்தது. மீதி இரண்டு பெரியவர்கள். 2024 ஜூலையில் தனியார் மூன்று கம்பெனிகளும் அடுத்தடுத்து விலையை ஏற்றினார்களே, அப்போது எத்தனை பேரால் கோபித்துக்கொண்டு வேறிடம் போக முடிந்தது? பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போ என்று சொல்லுவது, பத்துக் கடை உள்ள ஊரில் செல்லும். இரண்டு கடை உள்ள ஊரில் விதிதான் துணை.

வேகமும் சமத்துவமும் ஒரே இடத்தில் மோதிய கேஸ் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020ஆம் வருஷத்தில், மாதம் 499 ரூபாயும் அதற்கு மேலும் கட்டுகின்றவர்களுக்கு 4ஜியில் முன்னுரிமை என்று ஏர்டெல் "பிளாட்டினம்" என்பதை அறிவித்தது. வோடபோன் ஐடியாவுக்கு "ரெட்எக்ஸ்" என்று முன்னமேயே ஒன்று இருந்தது. இரண்டையும் நிறுத்தி வைக்கும்படி ஜூலையில் டிராய் உத்தரவிட்டு, ஒருவனுக்கு முன்னுரிமை கொடுத்தால் மற்றவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டது. வோடபோன் ஐடியா அப்பீல் கோர்ட்டுக்குப் போயிற்று. இது ஆளுக்கு ஆள் வித்தியாசமே தவிர, பார்க்கின்ற விஷயத்துக்கு விஷயம் வித்தியாசம் அல்ல. ஆகையால் இணையச் சமத்துவத்துக்கு விரோதமல்ல என்று வக்கீல் தோரணையில் வாதம் செய்யலாம். நாமும் அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் ஒரே கிணறு, ஒரே தண்ணீர் என்றிருக்கும்போது ஒருவன் வாளி முன்னால் போனால் இன்னொருவன் வாளி பின்னால்தான் போகும். நூற்று ஐம்பது ரூபாய் சந்தாதாரனிடம், உன் வேகத்தில் இத்தனை குறைத்து அவனுக்குக் கொடுத்திருக்கின்றேன் என்று எந்தக் கம்பெனியாவது விளம்பரம் செய்யுமா? அதனால்தான் அளவும் சமத்துவமும் பிரிக்க முடியாதவை என்கின்றோம். அளக்கத் தெரியாதவனுக்குத் தன்னை மெதுவாக்கிவிட்டார்கள் என்பதே தெரியாது.

நம்முடைய விதி நிலையானதுதானே என்று தூங்கிவிடக் கூடாது என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே ஏ.டி. அண்டு டி. கம்பெனி, ஐபோனில் முகம் பார்த்துப் பேசும் வசதியைச் செல்போன் நெட்வொர்க்கில் சில திட்டக்காரர்களுக்கு மட்டுமே என்று 2012ஆம் வருஷத்தில் கட்டுப்படுத்திற்று. 2015ஆம் வருஷத்தில் அவர்களுடைய தகவல் தொடர்புக் கமிஷன் பலமான சமத்துவ விதி செய்தது. கட்சி மாறியது, 2017 டிசம்பரில் அதே கமிஷன் அதை ரத்து செய்தது. மறுபடி கட்சி மாறியது. 2024 ஏப்ரலில் மறுபடி விதி வந்தது. 2025 ஜனவரி 2ந் தேதி அப்பீல் கோர்ட்டார், கமிஷனுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று தள்ளிவிட்டார்கள். கலிபோர்னியா போன்ற சில மாகாணங்களில் தனிச் சட்டம் இருப்பதால் அங்கே மட்டும் பாதுகாப்பு. விதி ரத்தாகி அமுலுக்கு வந்த 2018 கோடையிலேயே, கலிபோர்னியாவில் பெரிய காட்டுத் தீயை அணைக்கப் போன சாண்டா கிளாரா தீயணைப்புப் படையின் இணைய வேகத்தை, டேட்டா அதிகம் செலவாயிற்று என்று வெரிசான் கம்பெனி இறக்கிவிட்டது. அவர்கள் வாங்கியிருந்ததும் "அன்லிமிடெட்"தான்! வேகம் வேண்டுமானால் உயர்ந்த திட்டத்துக்கு மாறு என்றும் சொல்லப்பட்டது. இது சிப்பந்திகளின் தவறு, சமத்துவ விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனியார் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தீ எரியும்போது புகார் செய்ய ஒரு இடம் இல்லாமல் போனதும் உண்மை.

இங்கேயும் பின் வாசல் வழியாக ஒரு முயற்சி நடந்துகொண்டிருக்கின்றது. யூடியூப், வாட்ஸ்அப் போன்ற பெரிய கம்பெனிகளால்தான் நெட்வொர்க்கில் பளு ஏறுகின்றது; ஆகையால் அவர்கள் எங்களுக்கு "நியாயப் பங்கு" கொடுக்க வேண்டும் என்று செல்போன் கம்பெனிகளின் சங்கம் சில வருஷங்களாகக் கேட்டு வருகின்றது. டவருக்கும், அலைவரிசை ஏலத்துக்கும் அவர்கள் பெரும் பணம் போட்டிருப்பது வாஸ்தவம்தான். கேட்கப்படுகின்றவர்களும் ஏழைகள் அல்ல. ஆகையால் பார்த்தவுடனே, கொடுத்தால் என்ன என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் படத்தை யார் கேட்டு வரவழைத்தது? சந்தாதாரன். அவன் ஜிபிக்குப் பணம் கட்டிவிட்டான். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் வாங்கிக்கொண்ட வண்டிக்காரன், மூட்டை அனுப்பிய மண்டிக்காரனிடமும் போய்ப் பங்கு கேட்பது என்ன நியாயம்? தென் கொரியாவில் இம்மாதிரிக் கட்டணம் இருக்கின்றது. அங்கே ட்விட்ச் என்னும் விளையாட்டு ஒளிபரப்புக் கம்பெனி, கட்டணம் மற்ற நாடுகளைப் போல் பத்து மடங்கு என்று சொல்லிக் கடையைக் கட்டிக்கொண்டு 2024 பிப்ரவரியில் வெளியேறியது. பெரிய கம்பெனி வெளியேறினால் நமக்கென்ன என்று கேட்கலாம். பங்கு கொடுத்தவனுக்கு நல்ல பாதை, கொடுக்காதவனுக்கு மோசமான பாதை என்பதற்கு இது முதல் படி என்பதே நமது பயம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தச் சமத்துவ விதி கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்துகின்றது, சர்க்காரைக் கட்டுப்படுத்துவதில்லை. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரத்தில் இன்டர்நெட்டையே நிறுத்தினார்கள். காலவரையின்றி இப்படி நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகும், 4ஜி முழுவதுமாகத் திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில்தான். நடுவில் சுமார் ஒரு வருஷம் அங்கே படித்த பையன்கள் 2ஜி வேகத்தில் பாடம் கேட்க முயன்றார்கள். ஒரு கம்பெனி ஒரு கடையை மெதுவாக்கினால் அபராதம். சர்க்கார் ஒரு ஜில்லாவையே இருட்டாக்கினால் உத்தரவு. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கின்றது.

நமக்கு இப்போது உடனே ஆக வேண்டியது வேறு. டிராய் வெளியிடுகின்ற கேள்வித்தாள்கள் பெரும்பாலும் இங்கிலீஷில், வக்கீல்களுக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் மட்டும் விளங்குகின்ற பாஷையில் வருகின்றன. 2015இல் வந்த பத்து லக்ஷம் கடிதங்களில் நமது கிராமங்களில் இருந்து போனவை எத்தனை இருக்கும்? பங்கு கேட்கின்ற விஷயமாகவோ, முன்னுரிமை வேகத்தைப் பற்றியோ அடுத்த தாள் வெளியாகும் வாரத்திலேயே, அதன் முக்கியமான கேள்விகளைத் தமிழில் ஆக்கி இப்பத்திரிகையில் பிரசுரிக்க ஏற்பாடு செய்திருக்கின்றோம். தோழர்கள் தங்கள் ஊர்ப் பெயர், எந்தக் கம்பெனி சிக்னல் எந்த இடத்தில் எந்த நேரத்தில் கிடைக்கின்றது, மாதம் என்ன செலவாகின்றது என்பவைகளோடு தமிழிலேயே பதில் எழுதி நமது ஆபீசுக்கு அனுப்பினால், அவைகளைச் சேர்த்து டிராய்க்கு அனுப்பி வைப்போம். போஸ்டு கார்டு போதும்.